மாவட்ட மருத்துவமனையில் கண்புரை அறுவை: இலக்கு எண்ணிக்கைக்கு அப்பால் தரத்தை எப்படி அளப்பது, துறைக்கு வேறென்ன செய்யலாம்?

மாவட்டக்கண்:

வணக்கம். மாவட்டத் தலைமை மருத்துவமனை, கண் பிரிவு. எம்.எஸ். முடித்து நான்கு ஆண்டு. மாதம் 50 கண்புரை அறுவை, முக்கால்வாசி எஸ்ஐசிஎஸ் (சிறு வெட்டு வழியே கையால் புரையை எடுப்பது), மீதி பேக்கோ (ஒலி அதிர்வால் உடைத்து உறிஞ்சுவது). ஒரு மைக்ராஸ்கோப், கண்ணைத் தொட்டு அதன் நீளத்தை ஒலியால் அளக்கும் ஏ-ஸ்கேன், கார்னியாவின் (கருவிழிப் படலம்) வளைவை அளக்கக் கையால் திருப்பும் கெரட்டோமீட்டர், ஒரு கண் மருத்துவ உதவியாளர், டிஎன்பி (முதுநிலை) மாணவர்கள் இருவர். மாத இலக்கு எட்டிவிடுகிறது. அதற்கு மேல் மேலிடத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை, அதுதான் உறுத்தல்.

செய்த அறுவை நன்றாக இருக்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது? ஆறாவது வாரம் வரச் சொன்னால் பாதிப் பேர் வருவதில்லை. வருகிறவர்களை மட்டும் எண்ணினால் அது கணக்காகுமா?

அடுத்தது, எஃப்ஐசிஓ போன்ற சர்வதேசக் கண் மருத்துவத் தேர்வு எழுதுவதா, ஆய்வுக் கட்டுரை எழுதுவதா, எது உருப்படியான உழைப்பு? கண்புரை தவிர மாவட்ட அளவில் ஒரே ஒரு வேலையைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்றால் எதை எடுப்பது? சர்க்கரை நோய் விழித்திரைக்கு கேமரா கேட்கலாமா என்று யோசனை. அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

புள்ளிக்கணக்கு:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தேசியப் பார்வையிழப்பு ஆய்வு (2015–19) கணக்கில் 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்புக்கு முதல் காரணம் அறுவை செய்யப்படாத புரை, 66.2%. அதே பட்டியலில் புரை அறுவையின் சிக்கல்களுக்கு 7.2% போகிறது. நாம் செய்ததாலேயே பார்வை போனவர்கள் அவர்கள். இலக்குப் பதிவேட்டில் அவர்களும் 'ஒன்று' என்றுதான் ஏறியிருப்பார்கள்.

புதிய மென்பொருள் வேண்டாம். அறுவைப் பதிவேட்டில் ஒன்பது கட்டம் சேருங்கள்: அறுவைக்கு முன் பார்வை, கூடவே இருக்கும் மற்ற கண்நோய், யார் செய்தது (நீங்களா, மாணவரா, பாதியில் கை மாறியதா), பின்கேப்சூல் (லென்ஸ் பையின் பின்சுவர்) கிழிந்ததா, விட்ரியஸ் (கண்ணின் உள் கூழ்) வந்ததா, வைத்த லென்ஸின் பவர், எதிர்பார்த்த கண்ணாடி பவர், முதல் நாள் பார்வை, முதல் நாள் பின்ஹோல் பார்வை (சிறு துளை வழியே பார்ப்பது). பின்ஹோல் கட்டத்தைப் பெரும்பாலும் காலியாக விட்டுவிடுவார்கள், அதை விடாதீர்கள். 6/36 (கீழ் எண் கூடக் கூடப் பார்வை மோசம்) இருக்கிற கண் பின்ஹோலில் 6/9 வந்தால் கோளாறு பயோமெட்ரியிலோ (லென்ஸ் பவருக்காகக் கண்ணை அளப்பது) அஸ்டிக்மேட்டிசத்திலோ (கார்னியா வளைவு எல்லாப் பக்கமும் சமமாக இல்லாதது) இருக்கிறது. பின்ஹோலிலும் 6/36தான் என்றால் கார்னியா வீக்கத்தையும் விழித்திரையையும் பாருங்கள். ஒரு நிமிட வேலை, ஆனால் தவறு எந்த மேசையில் நடந்தது என்பதைப் பிரித்துக் காட்டிவிடும்.

ஆறாவது வாரம் வராதவர்களைப் பற்றி. 40 மருத்துவமனைகளை வைத்து 2013இல் வெளியான பிரிகாக் ஆய்வு இதைத்தான் சோதித்தது. வீட்டுக்குப் போகும்முன் எடுத்த பார்வையும் 40 நாளுக்குப் பிந்தைய பார்வையும் ஒரு மருத்துவமனையின் மொத்தத் தரத்தைக் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் காட்டின. அதனால் முதல் மூன்று நாளுக்குள் எடுத்த பார்வையை மருத்துவமனைத் தரத்துக்கு அளவாக வைத்துக்கொள்ளலாம். தனி நோயாளிக்கு அது போதாது, கண்ணாடி கொடுக்க அவர் வந்துதான் ஆகவேண்டும்.

வருகிறவர்களை மட்டும் எண்ணுவதில் இருக்கும் சிக்கல் இரண்டு பக்கமும் இழுக்கும். நன்றாகத் தெரிகிறவர் 'எதுக்கு இன்னொரு தடவை பஸ் ஏறணும்' என்று நின்றுவிடுவார். ரொம்ப மோசமானவர் கோபத்தில் வேறிடம் போய்விடுவார். மாதம் முழுதும் துரத்த வேண்டாம். ஏதாவது ஒரு வாரத்தில் அறுவை செய்த எல்லோரையும், ஏறத்தாழ 12 பேர், உதவியாளர் தொலைபேசியில் அழைத்து வரவழைக்கட்டும், வராதவரை முகாம் போகும் வழியில் பார்த்துவிட்டு வரட்டும். 12க்கு 12 பேரின் கணக்கு, 50க்கு 25 பேரின் கணக்கைவிட நம்பத்தக்கது.

அளவுகோல்: உலக சுகாதார நிறுவனம் முன்பு வைத்தது, நோயாளியிடம் இருக்கும் கண்ணாடியோடு அல்லது கண்ணாடி இல்லாமல் 80%க்கு மேல் 6/18 அல்லது அதைவிட நல்ல பார்வை, 5%க்குக் குறைவாகத்தான் 6/60ஐவிட மோசம். சரியான கண்ணாடி போட்டால் 90%. இப்போது அளவு இறுகிவிட்டது. 2021இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற 'பயனுள்ள புரை அறுவைச் சேவை' அளவீட்டில் 6/12 வந்தால்தான் அந்த அறுவை கணக்கில் சேரும். 6/18ஐயே பார்த்துக்கொண்டிருந்தால் திருப்தி சீக்கிரம் வந்துவிடும்.

மோசமான ஒவ்வொரு கண்ணுக்கும் காரணத்தை நான்கில் ஒன்றாக எழுதுங்கள்: தேர்வு (விழித்திரை ஏற்கனவே கெட்டிருந்தது), அறுவை, கண்ணாடி, பிந்தைய சிக்கல். எல்லாக் கண்ணுக்கும் 'தேர்வு' என்றே எழுதி முடிக்கும் பழக்கம் உண்டு, அதில் கவனம். அறுவைக்கு முன் பி-ஸ்கேன் (கண்ணின் உட்புறத்தைக் காட்டும் ஒலிப் படம்) பார்க்காத வெள்ளைப் புரையில் விழித்திரை பிரிந்திருந்தது பிறகு தெரியவந்தால் அதைத் தேர்வுக் கோளாறு என்று எழுதலாம், ஆனால் அந்தத் தேர்வைச் செய்தது நாம்தான்.

இன்னொன்று. மாதாமாதம் சதவீதம் போட்டு மனம் குழம்பாதீர்கள். ஆண்டுக்கு 600 அறுவையில் கேப்சூல் கிழிவு 2% என்றால் 12 கண். அதே திறமையோடு செய்தாலும் தற்செயலாகவே ஓர் ஆண்டு 7 வரும், இன்னொரு ஆண்டு 18 வரும். ஒரு மாதத்தில் மூன்று என்பதில் ஒன்றுமே இல்லை, அடுத்தடுத்து மூன்று மாதம் மும்மூன்று என்றால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எண்டாப்தால்மைட்டிஸ் (கண்ணுக்குள் கிருமித் தொற்று) இன்னும் அரிது. 0.07% என்று வைத்தாலும் 600 அறுவைக்கு ஆண்டுக்கு அரைக் கண்கூட வராது. 'இந்த ஆண்டு ஒன்றும் இல்லை' என்பதை வைத்து உங்கள் தியேட்டர் சுத்தம் என்று சொல்ல முடியாது. அங்கே முடிவை எண்ணிப் பயனில்லை, செய்முறையைத்தான் எண்ண வேண்டும்.

டனல்_ஆறரை:

புள்ளிக்கணக்கு சொன்ன கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். எண்ண வேண்டிய செய்முறை: 5% போவிடோன் அயோடின் கண்ணுக்குள் விட்டு மூன்று நிமிடம் முழுசாக நிற்கிறதா? கடிகாரம் பார்த்துச் சொல்லுங்கள், பெரும்பாலான இடங்களில் 40 நொடியில் கழுவிவிடுவார்கள். இமை முடி முழுதும் டிரேப்புக்குள் போகிறதா? கடைசியில் முன்னறைக்குள் (கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் இடையே) மாக்சிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி போகிறதா? அரவிந்த் மருத்துவமனைகளின் 6 லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளை அலசி 2017இல் வந்த கட்டுரையில் எண்டாப்தால்மைட்டிஸ் 0.07%இலிருந்து 0.02% ஆனது இதனால்தான். அளவு 0.1 மி.லி.யில் 0.5 மி.கி., அதாவது 0.5% கரைசலில் கலக்காமல் 0.1 மி.லி. கண்ணுக்குள் செலுத்துவதற்கென்றே, பிரிசர்வேடிவ் இல்லாமல் வரும் குப்பிதான் வேண்டும். ஸ்டாக் இல்லை என்று சொட்டுமருந்துக் குப்பியிலிருந்து உறிஞ்சுவது தப்பு. அதில் இருக்கும் பிரிசர்வேடிவோ கெட்டியாக்கும் பொருளோ கார்னியாவின் உட்செல்களைக் கொன்று டாஸ் (கிருமி இல்லாமல் நச்சால் வரும் அழற்சி) வரவழைக்கும்.

டாஸையும் கிருமித் தொற்றையும் குழப்பிக்கொள்ளாமலிருக்க: டாஸ் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும், வலி குறைவு, கார்னியா ஓரத்திலிருந்து ஓரம்வரை வீங்கும், விட்ரியஸ் தெளிவாக இருக்கும். ஒரே நாள் பட்டியலில் இரண்டு மூன்று கண் அப்படி என்றால் சிம்கோ கேனுலாவின் (நீர் விட்டு உறிஞ்சும் குழல்) உட்குழலை முதலில் சந்தேகியுங்கள். விஸ்கோ (அறுவையின்போது கண்ணுக்குள் நிரப்பும் கூழ்) உள்ளேயே காய்ந்து, ஆட்டோகிளேவில் வெந்து, அடுத்த கண்ணுக்குள் போகும். கேனுலாவை மேசையிலிருந்து எடுத்த உடனே காய்ச்சி வடித்த நீரால் பீய்ச்சிவிட்டுத்தான் டிரேயில் வைக்க வேண்டும், பட்டியல் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வலியும் விட்ரியஸ் கலங்கலும் இருந்தால் நேரம் கடத்த வேண்டாம். டேப் (ஊசியால் விட்ரியஸ் மாதிரி) எடுத்து, விட்ரியஸுக்குள் வேன்கோமைசின் 1 மி.கி., செஃப்டசிடிம் 2.25 மி.கி., தலா 0.1 மி.லி., தனித்தனி சிரிஞ்சில். ஒரே சிரிஞ்சில் கலந்தால் திரிந்து படியும். அதே நாளில் இரண்டாவது கண் வந்தால் தியேட்டரை மூடுங்கள், அன்று பயன்படுத்திய ஒவ்வொரு பாட்டிலின் பேட்ச் எண்ணும் பதிவேட்டில் இருந்தால்தான் மூலத்தைக் கண்டுபிடிக்க முடியும். இல்லாவிட்டால் வெறும் ஊகம்தான்.

அடுத்து பயோமெட்ரி. உங்கள் தரம் உடனே உயரப்போகும் இடம் இதுதான், கத்தியில் இல்லை. கண் நீளத்தில் 1 மி.மீ. பிழை என்றால் கண்ணாடியில் 2.5 முதல் 3 டயாப்டர் (பவரின் அலகு). தொட்டு அளக்கும்போது கார்னியாவை 0.1 முதல் 0.3 மி.மீ. வரை அமுக்குவது சாதாரணம். கண் குட்டையாகத் தெரியும், லென்ஸ் பவர் கூடிவிடும், நோயாளி மையோப் (கிட்டப்பார்வை) ஆவார். ஒருவர் கை லேசு, இன்னொருவர் கை கனம், அதனால் பிழையும் சீராக இருக்காது. கடந்த 40, 50 கண்ணை எடுத்து, வந்த ஸ்பெரிக்கல் ஈக்விவலன்ட்டிலிருந்து (கண்ணாடியின் சராசரி பவர்) எதிர்பார்த்ததைக் கழித்துப் போடுங்கள். சரிப்படுத்திய பார்வை 6/12க்குக் கீழே இருக்கும் கண்களைச் சேர்க்க வேண்டாம், ரிஃப்ராக்‌ஷனே சந்தேகம்.

பிரிட்டனில் 2009இல் முன்வைத்த அளவு: 0.5 டயாப்டருக்குள் 55%, 1 டயாப்டருக்குள் 85%. ஆப்டிகல் பயோமெட்ரி வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விட்டார்கள், ஆனால் உங்கள் கருவிக்கு இதுவே நல்ல முதல் படி.

கேப்சூல் கிழிவு பற்றி. எந்தக் கட்டத்தில் கிழிந்தது என்று எழுதாமல் 'பிசிஆர் – ஆம்' என்று மட்டும் பதிவேட்டில் இருந்தால் அதனால் ஒன்றும் கற்க முடியாது. எஸ்ஐசிஎஸ்ஸில் நியூக்ளியஸ் (புரையின் கடினமான நடுப்பகுதி) வெளியே வரும்போதுதான் கிழியும் என்று நினைப்போம். கார்ட்டெக்ஸ் (அதைச் சுற்றிய மென்பகுதி) உறிஞ்சும்போது, அதுவும் டனலுக்கு (வெள்ளைவிழியில் வெட்டிய வழி) நேர் கீழே இருக்கும் கார்ட்டெக்ஸில், கேப்சூலையே பிடித்து இழுத்துக் கிழிப்பது மிகவும் சகஜம். கிழிந்ததும் பதறிப்போய்க் கேனுலாவை வெளியே எடுப்பதுதான் சின்னக் கிழிசலைப் பெரிதாக்குகிறது. முன்னறை சரியும், விட்ரியஸ் முன்னே பாயும். கேனுலா அப்படியே இருக்கட்டும், பாட்டிலைத் தாழ்த்துங்கள், பக்கத்துத் துளை வழியே விஸ்கோவை உள்ளே ஏற்றி அறையை நிறுத்துங்கள், பிறகு எடுங்கள். விட்ரியஸ் வந்தால் கட்டர் போடுங்கள். ஸ்பாஞ்சில் ஒட்டவைத்து இழுத்துக் கத்தரிப்பது விழித்திரையைப் பிடித்து இழுப்பதுதான். முன்கேப்சூல் விளிம்பு நல்லபடி இருந்தால் சல்கஸில் (ஐரிஸுக்குப் பின்னால், லென்ஸ் பைக்கு முன்னால் உள்ள பள்ளம்) 6.5 மி.மீ. ஆப்டிக் உள்ள பிஎம்எம்ஏ அல்லது மூன்று துண்டு லென்ஸ். ஒற்றைத் துண்டு அக்ரிலிக்கை சல்கஸில் வைக்கவே வேண்டாம், ஐரிஸை உரசி நிறமிகளைக் கொட்டும். பவரைக் குறைக்க ஒன்பதின் கணக்கு: 9 டயாப்டர்வரை மாற்றம் இல்லை, 9–18க்கு அரை, 18–27க்கு ஒன்று, 27க்கு மேல் ஒன்றரை. இதை அச்சடித்துத் தியேட்டர் சுவரில் ஒட்டுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

மாவட்டக்கண்:

நன்றி சார். 44 கண்ணுக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. சராசரி மைனஸ் 0.6. ஒரு டயாப்டருக்குள் 27 கண்தான், அதாவது 61%. ஏ-கான்ஸ்டன்ட்டை (பவர் கணக்கில் லென்ஸ் மாடலுக்கான எண்) குறைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

டனல்_ஆறரை:

இப்போதைக்கு ஏ-கான்ஸ்டன்ட்டைத் தொடாதீர்கள், டாக்டர். சராசரி மட்டும் விலகி, சிதறல் குறைவாக இருந்தால் கான்ஸ்டன்ட் மாற்றலாம். உங்களுக்குச் சராசரியும் விலகியிருக்கிறது, சிதறலும் அதிகம். கை அமுக்கும் பிழை ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று அர்த்தம். இப்போது கான்ஸ்டன்ட்டைக் குறைத்தால் லேசான கையால் அளந்த கண்கள் ஹைப்பரோப் (தூரப்பார்வை) பக்கம் தள்ளப்படும், வயலில் வேலை செய்கிற நோயாளிக்கு அதைவிடக் கொஞ்சம் மையோப்பாக இருப்பதே மேல்.

முதலில் கருவியின் செட்டிங் பாருங்கள். யாராவது அஃபேகிக் (லென்ஸ் இல்லாத) கண்ணுக்கு மாற்றி அப்படியே விட்டிருந்தால் ஒலிவேகம் நொடிக்கு 1550க்குப் பதில் 1532 மீட்டராக நிற்கும். 23.5 மி.மீ. கண்ணில் அது மட்டுமே 0.27 மி.மீ. குறைத்துக் காட்டும், கண்ணாடியில் முக்கால் டயாப்டர் மையோப். உங்கள் மைனஸ் 0.6க்கு மிகவும் பொருந்துகிற சந்தேகம் அது.

அது சரியாக இருந்தால் இம்மர்ஷனுக்கு (கார்னியாவை அமுக்காமல் நீர் வழியே அளப்பது) மாறுங்கள். புது இயந்திரம் வேண்டியதில்லை. பெரும்பாலான ஏ-ஸ்கேன்களில் இம்மர்ஷன் மோடு இருக்கிறது, இமைகளுக்கிடையே வைக்கும் பிரேஜர் ஷெல் ஒன்றுதான் வாங்க வேண்டும். சலைன் நிரப்பும்போது குமிழி இருக்கக் கூடாது, ஒரு குமிழி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். திரையில் கார்னியாவுக்கு இரட்டைக் கூர் முகடு, லென்ஸின் முன்புறம், பின்புறம், விழித்திரை செங்குத்தாக எழுவது, அதன் பின்னால் ஸ்க்ளீரா, கொழுப்பு. விழித்திரை முகடு படிப்படியாக ஏறினாலோ பின்னால் ஸ்க்ளீரா இல்லாவிட்டாலோ ஒலிக்கற்றை பார்வை நரம்புப் பக்கம் போகிறது, அந்த அளவைத் தள்ளிவிடுங்கள். பத்து அளவின் நியம விலகல் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

எப்போது இன்னொருவர் மறுபடி அளக்க வேண்டும் என்பதை உதவியாளரின் மேசையில் எழுதி வையுங்கள்: நீளம் 22க்குக் கீழே அல்லது 25க்கு மேலே, இரண்டு கண்ணுக்கும் 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம், கெரட்டோமெட்ரி 40க்குக் கீழே அல்லது 47க்கு மேலே, இரண்டு கண்ணுக்கும் 1 டயாப்டருக்கு மேல் வித்தியாசம். கெரட்டோமெட்ரி எடுத்த பிறகுதான் ஏ-ஸ்கேன், மரத்துப்போகும் சொட்டும் கெரட்டோமெட்ரிக்கு அப்புறம்தான். வரிசை மாறினால் கார்னியாவின் மேற்பரப்பு உலர்ந்து வளைவு தப்பாக வரும்.

இம்மர்ஷனில் ஒரே லென்ஸ் மாடலில் 50 கண் சேர்ந்ததும் திரும்பப் போடுங்கள். அப்போதும் சராசரி விலகி, சிதறல் சுருங்கியிருந்தால் கான்ஸ்டன்ட்டை மாற்றலாம். கண்ணாடியில் 0.7 டயாப்டர் என்பது லென்ஸில் ஏறத்தாழ 1 டயாப்டர். சராசரி மைனஸ் 0.35 என்றால் கான்ஸ்டன்ட்டை அரை குறைக்க வேண்டும். பிளஸ் பக்கம் விலகினால் கூட்ட வேண்டும்.

சிசுவிழி:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மேலே எல்லோரும் உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்த கண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். வராத கண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். சர்க்கரை நோய் கேமரா நல்ல யோசனைதான், 'மக்களைத் தேடி மருத்துவம்' களப்பணியாளர்களிடம் வீட்டுக்கு மாத்திரை வாங்குகிறவர்களின் பட்டியல் இருக்கிறது, அங்கிருந்து கூப்பிடலாம். ஆனால் படம் எடுத்த பிறகு லேசருக்கு எங்கே அனுப்புவது என்பது முடிவாகாமல் கேமரா வாங்கினால் படங்கள் மட்டும்தான் சேரும்.

ஒன்றே ஒன்று என்றால் குறைப்பிரசவக் குழந்தைகளின் விழித்திரை நோய், ஆர்ஓபி. உங்கள் வளாகத்திலேயே பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும். கண் பிரிவிலிருந்து எத்தனை அடி தூரம்? அங்கே வாரம் ஒரு நாள் போகிறவர் இல்லாததால் வரும் பார்வையிழப்பு 60, 70 ஆண்டு நீடிக்கும். 70 வயதில் வரும் புரையை ஓர் ஆண்டு தள்ளிச் செய்தாலும் பார்வை திரும்பும், இதில் ஒரு வாரம் தள்ளினால் விழித்திரை பிரிந்துவிடலாம்.

யாரைப் பார்க்க வேண்டும்: 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள் அல்லது 2000 கிராமுக்குக் குறைவானவர்கள், 34–36 வாரமாக இருந்தாலும் நீண்ட ஆக்சிஜன், ரத்தம் ஏற்றுதல், செப்சிஸ் இருந்தவர்கள். அமெரிக்கப் பாடநூலில் 1500 கிராம், 30 வாரம் என்று இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் ஆக்சிஜன் கலப்பான் இல்லாமல் நூற்றுக்கு நூறு கொடுக்கப்பட்ட 1700 கிராம் குழந்தைக்கும் கடுமையான ஆர்ஓபி வருகிறது. எப்போது: பிறந்து 30 நாளுக்குள் முதல் பார்வை. 28 வாரத்துக்கு முன் பிறந்தது அல்லது 1200 கிராமுக்குக் குறைவு என்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே.

கண் விரிக்கும் சொட்டில்தான் விபத்து நடக்கும். பெரியவர்களுக்கான டிராபிகமைட் 0.8%, ஃபினைலெஃப்ரின் 5% கலவையை அப்படியே விடக் கூடாது. செயற்கைக் கண்ணீரோடு சரிபாதி கலந்தால் 0.4%, 2.5% ஆகும். 15 நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை, விரிந்ததும் நிறுத்த வேண்டும், கன்னத்தில் வழிவதை உடனே துடைக்க வேண்டும், தோல் வழியாகவும் உறிஞ்சப்படும். விரியவே மறுத்து, ஐரிஸில் ரத்தக்குழாய் புடைத்திருந்தால் சொட்டைக் கூட்டாதீர்கள், அதுவே கடுமையான ஆர்ஓபியின் அடையாளம். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து பால் வேண்டாம், இல்லாவிட்டால் கக்கிப் புரையேறும். துணியில் சுற்றி, செவிலியர் ஆக்சிஜனோடு பக்கத்தில் நிற்க, குழந்தைக்கான ஸ்பெகுலம் (இமை விரிப்பான்), டிப்ரசர் (கண்ணை அழுத்தும் கருவி), இன்டைரக்ட் (தலையில் மாட்டும் கண்நோக்கி), 20 அல்லது 28 டயாப்டர் லென்ஸ். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஸ்டெரைல் செட். ஒரே ஸ்பெகுலத்தை ஸ்பிரிட்டில் துடைத்து அடுத்த கண்ணில் வைக்கிற வேலை இங்கே கூடவே கூடாது.

சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவை: முதல் மண்டலத்தில் (பார்வை நரம்பைச் சுற்றிய உள்வட்டம்) பிளஸ் (ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருண்டிருப்பது) இருந்தால் எந்த நிலையானாலும், முதல் மண்டலத்தில் மூன்றாம் நிலை என்றால் பிளஸ் இல்லாவிட்டாலும், இரண்டாம் மண்டலத்தில் இரண்டு அல்லது மூன்றாம் நிலையோடு பிளஸ். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் லேசரோ ஊசியோ நடக்க வேண்டும். நீங்களே லேசர் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கண்டுபிடித்து, எந்த மருத்துவமனைக்கு, யாரை அழைத்து, எந்த வண்டியில் என்பதை முன்பே முடிவு செய்திருந்தால் போதும். கர்நாடகத்தில் 2008இலிருந்து நடக்கும் கிட்ராப் திட்டம் ஊர் ஊராகக் கேமராவோடு பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்களை அனுப்பித்தான் கிராமப்புற மாவட்டங்களை எட்டியது.

எல்லா இடத்திலும் ஓட்டை விழுவது ஒரே இடத்தில்தான். குழந்தை 12ஆம் நாள் வீட்டுக்குப் போய்விடும், பார்க்க வேண்டியது 28ஆம் நாள். தாய் அதற்குள் தாய்வீட்டுக்குப் போயிருப்பார், பதிவேட்டில் இருப்பது கணவர் வீட்டு எண். இரண்டு வீட்டு எண்ணையும், பிக்மி (கர்ப்பப் பதிவு) எண்ணையும், எந்தக் கிராம சுகாதார செவிலியரின் பகுதி என்பதையும் வாங்குங்கள். தேதியைக் கண் பிரிவில் கொடுக்கக் கூடாது, டிஸ்சார்ஜ் தாளிலேயே இருக்க வேண்டும்.

வெட்லேப்:

மாணவர்கள் இருவர் இருக்கிறார்கள் என்றீர்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நீங்கள் ஆண்டுக்கு 600 செய்கிறீர்கள். அந்த இரண்டு பேரும் சேர்ந்து அடுத்த 30 ஆண்டில் செய்யப்போவது அதைப் போல் எத்தனையோ மடங்கு.

'பார்த்துக் கத்துக்கோ' முறையில் முழு அறுவையையும் முதல் நாளே கையில் கொடுத்துவிட்டு, விட்ரியஸ் வந்ததும் பிடுங்கிக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது. பின்னாலிருந்து முன்னே கற்றுக்கொடுங்கள். முதல் 10 கண்ணில் விஸ்கோ கழுவுவதும் லென்ஸ் வைப்பதும் மட்டும். அடுத்து கார்ட்டெக்ஸ். அப்புறம் டனல். கேப்சூல் திறப்பதும் நியூக்ளியஸை முன்னறைக்குக் கொண்டுவருவதும் கடைசி. ஒவ்வொரு வாரமும் ஒரு வீடியோவை ஐசிஓ ஆஸ்கார் (கண் அறுவைத் திறனை அளக்கும்) மதிப்பெண் தாளை வைத்து இருவரும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். எஸ்ஐசிஎஸ்ஸுக்கென்றே தனித் தாள் இருக்கிறது, ஒவ்வொரு படிக்கும் 2 முதல் 5 வரை, எந்த மதிப்பெண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்று எழுதியே இருக்கும். மாணவர் தனக்கு 5 போட்ட இடத்தில் நீங்கள் 3 போட்டிருந்தால் பாடம் அங்கேதான்.

ஆட்டுக் கண் டனலுக்கும் தையலுக்கும் நல்லது. 6 முதல் 6.5 மி.மீ. நீளம், லிம்பஸிலிருந்து (கார்னியா வெள்ளைவிழியோடு சேரும் விளிம்பு) ஒன்றரை இரண்டு மி.மீ. பின்னால், பாதித் தடிமனில் போகக் கை பழகும். அறுத்த அன்றே வாங்க வேண்டும். நேரம் ஆனால் கார்னியா வெளுத்து உள்ளே ஒன்றும் தெரியாது, கண் தொய்ந்துபோனால் விட்ரியஸில் சலைன் ஏற்றி இறுக்கிக்கொள்ளலாம். கேப்சுலோரெக்சிஸுக்கு (முன்கேப்சூலை வட்டமாகத் திறப்பது) ஆட்டுக் கண் சரிவராது, அதன் கேப்சூல் குழந்தைக் கண் மாதிரி இழுபடும். அதற்கு மெல்லிய பாலித்தீன் தாள் போதும். தியேட்டர் கருவி ஒன்றுகூட அந்த மேசைக்கு வரக் கூடாது, தேய்ந்த பழைய செட்டுக்குச் சிவப்பு டேப் ஒட்டித் தனியாக வையுங்கள்.

கட்டுரையா தேர்வா என்பதற்கு: எஃப்ஐசிஓ படித்தால் படிப்பு ஒழுங்காகும், கெடுதல் இல்லை. அதனால் உங்கள் நோயாளியின் பார்வை ஒரு வரிகூடக் கூடாது. கட்டுரை என்றால் அரிய நோய்க் குறிப்பு வேண்டாம். உங்களிடம் இப்போதே ஒரு கட்டுரைக்கான விதை இருக்கிறது: தொட்டு அளப்பதிலிருந்து இம்மர்ஷனுக்கு மாறும் முன்னும் பின்னும், ஒரு மாவட்ட மருத்துவமனையில். கருவியை மாற்றும் முன்பே நெறிமுறைக் குழுவுக்குத் தாள் போடுங்கள். தணிக்கைதானே என்று முடித்துவிட்டுப் போனால், 'அனுமதி எண் எங்கே' என்று இதழ் கேட்கும்போது பின்தேதியிட்டு யாரும் தரமாட்டார்கள். நோயாளிகளைக் குலுக்கிப் பிரிக்கிற சோதனை என்றால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு முதல் நோயாளிக்கு முன்பே. 2018 ஏப்ரலிலிருந்து பிறகு பதிவதை ஏற்பதில்லை. ஸ்ட்ரோப் பட்டியலை (கட்டுரையில் என்னென்ன காட்ட வேண்டும் என்று சொல்வது) முன்னால் வைத்து எழுதுங்கள். வராமல் போனவர்கள் எத்தனை என்பதைக் கண்டிப்பாகக் காட்டுங்கள், விமர்சகர் முதலில் தேடுவது அதைத்தான். அளந்தவர் உதவியாளர் என்றால், எழுதுவதிலும் அவரைச் சேர்த்துக்கொண்டு ஆசிரியர் வரிசையில் போடுங்கள். எதுவும் செய்யாத துறைத்தலைவரின் பெயர் அங்கே வேண்டாம். இதைச் சொல்வது சுலபம் என்று தெரியும்.

மாவட்டக்கண்:

எல்லோருக்கும் நன்றி. ஏ-ஸ்கேன் 1550இல்தான் நிற்கிறது, அதனால் ஷெல்லுக்கு இன்டென்ட் போட்டாயிற்று. சிசுவிழி மேடம், குழந்தைகள் பிரிவில் பேசிப் பார்த்ததில் 'டிஸ்சார்ஜ் தாளில் தேதியை யார் எழுதுவது' என்பதிலேயே நிற்கிறது. மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

சிசுவிழி:

மருத்துவரிடம் கேட்காதீர்கள், பிரிவின் ஸ்டாஃப் நர்ஸிடம் கொடுங்கள். அவர் மாறினாலும் வேலை அடுத்தவர் கைக்குப் போகும். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொடுங்கள்: 'கண் பரிசோதனை – தேதி ____ – புதன் காலை 9 மணி – அறை எண் ____'. குழந்தை உள்ளே சேரும் அன்றே, எடையும் வாரமும் பதியும்போதே, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் குத்தி, பிறந்த தேதியோடு 28 நாள் கூட்டி அதற்கு முந்தைய புதன்கிழமையை எழுதிவிட வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தைக்கு 20 நாள் கூட்டினால் போதும். டிஸ்சார்ஜ் அன்று எழுதலாம் என்று விட்டால் அவசரத்தில் விட்டுப்போகும், மேலே மாற்றி அனுப்பப்படும் குழந்தைக்கு எழுதவே மாட்டார்கள். புதன்கிழமை நீங்கள் விடுப்பு என்றால் பதிலுக்கு வருகிறவரின் பெயரையும் அந்த வாரமே பிரிவின் பலகையில் எழுதுங்கள். இரண்டு புதன் நீங்கள் வராமல் போனால், மூன்றாவது புதன் ஸ்டாம்ப் குத்துவதை அவர்களும் நிறுத்திவிடுவார்கள்.